வாழைப்பழம் குறித்த மூன்று ஆணைகள்

கடலுக்கும் மலைக்கும் நடுவே கதலிநாடு என்றொரு நாடு இருந்தது. சாலையில்லாத ஊர்கள் அங்கே நிறைய. ஆனால் அவையில் இரண்டு ஆண்டுகளாக வாழைப்பழத்தைப் பற்றித்தான் விவாதம். கைக்கு அடக்கமான வடிவம், எளிதில் உரியும் தோல். ஆகவே கடவுள் மனிதனுக்கென்றே அளவெடுத்துச் செய்த பழம் இது என்றார் தலைமை அமைச்சர் ஏரம்பநாதர். பழங்கள் தாமாகவே மாறி மாறி இப்படி ஆனவை என்றார் எதிர்க்கட்சித் தலைவர் அறவாழியார்.

சாட்சி சொல்ல மலையடிவாரத்திலிருந்து வடிவம்மையை வரவழைத்தார்கள். நாற்பது ஆண்டுகளாக வாழை பயிரிடுபவர். மலையில் தானாக வளரும் வாழையின் பழம் ஒன்றை அவர் அவையில் பிளந்து காட்டினார். உள்ளே முழுக்கக் கருங்கொட்டை.

“மலையில கெடக்கறது இதுதாங்க. கொட்டை கம்மியா இருக்கற மரமாப் பாத்து, அதோட கன்னை எடுத்து நட்டு நட்டு, எங்காளுங்கதான் நீங்க திங்கற பழத்தைக் கொண்டாந்தாங்க. மொத மரத்தைக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க.”

இரு தரப்பும் கைதட்டவில்லை.

மலைவாழை கடவுளை இழிவுபடுத்துகிறது, அதை வேரோடு அழிக்கவேண்டும் என்று முதல் ஆணை வந்தது. நாடெங்கும் அரசு காட்டும் ஒரே வாழையின் கன்றைத்தான் நடவேண்டும் என்றது இரண்டாவது. எல்லாம் ஒரே இனமானால் ஒரு நோய் போதும், அத்தனையும் போய்விடும் என்று வடிவம்மை அதிகாரியிடம் மன்றாடினார். குறையற்ற பழத்துக்கு நோய் வராது என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

அந்தக் கன்றுகளை நட்ட மூன்றாம் ஆண்டு வாடல் நோய் வந்தது. இலைகள் மஞ்சளாகித் தொங்கின, தண்டுகள் வெடித்தன. ஒரு தோட்டமும் தப்பவில்லை. அடுத்த தேர்தலில் மக்கள் அறவாழியாரை ஆட்சியில் அமர்த்தினார்கள்.

நோயில்லாத கன்று கேட்டு வடிவம்மை தலைநகருக்கு நடந்தார். புதிய தலைமை அமைச்சர் எழுந்து நின்று வரவேற்றார்.

“வலிமையுள்ளது பிழைக்கும் அம்மா. இயற்கையின் தேர்வில் அரசு குறுக்கிடுவது முறையல்ல.”

கன்று வழங்குவதைத் தடைசெய்யும் மூன்றாம் ஆணையில் அன்றே கையெழுத்திட்டார்.

ஊர் திரும்பியதும் வடிவம்மை தம் கையாலேயே தோட்டத்தை வெட்டி எரித்தார். பச்சைத் தண்டு லேசில் பற்றவில்லை. நான்கு நாள் புகைந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தார். கை வலித்ததுதான் தெரிந்தது. ஐந்தாம் நாள், அண்டை நாட்டில் நாற்று நட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு எல்லைக்குப் போனார்.

காவலர் மரியாதையாகத்தான் பேசினார். வெளியே போகத் தடை என்றார்.

“நான் என்னய்யா குத்தம் பண்ணேன்?”

“குத்தமெல்லாம் இல்லம்மா. ஏற்கெனவே பாதிப் பேரு போயிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்களும் போயிட்டா, ஓட்டுப் போட ஆளு வேணாமா?”