வார்டில் நான்தான் சீனியர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் நர்சான நீயே நம்பமாட்டாய். கால் புண் ஆறவில்லை. காலை எடுக்க வேண்டுமா என்று இன்னும் இரண்டு வாரத்தில் சொல்வார்களாம். உன் வார்டில் ஆள் போதாமல் லீவு தர மறுக்கிறார்கள் என்று நீ போனில் அழுததிலிருந்து, எப்போது வருவாய் என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

வந்து ஏழு வாரம். இந்த வார்டில் இப்போது நான்தான் சீனியர். நான் சேர்ந்தபோது இருந்த நர்சுகளில் பெரிய சிஸ்டர் ஒருவர்தான் மிச்சம், மற்றவர்கள் கேக் வெட்டிக் கிளம்பிவிட்டார்கள், ஐந்து கேக், சர்க்கரைக்காரன் என்று எனக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. இருப்பவர்களில் பாதி ஒப்பந்தத்தில் வந்தவர்கள், மீதி சான்றிதழில் மை காயாத பிள்ளைகள். நேற்று வந்தவள், "தாத்தா, கட்டுத் துணியெல்லாம் எங்க வைப்பாங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். "ரெண்டாவது அலமாரி, கீழ்த்தட்டு. கதவு இறுகும், ஒரு உதை விடும்மா" என்றேன். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பென்சிலின் ஆகாது. சீட்டில் எழுதியிருக்கிறது, படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. ஷிப்ட் மாறும்போதெல்லாம் நான்தான் கத்திச் சொல்கிறேன். சிரிக்காதே, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கண்ணயர்ந்துவிட்டால் அந்த மனிதர் கதி என்ன?

என் நரம்பை ஒரே குத்தில் பிடிப்பவர் பெரிய சிஸ்டர் மட்டும்தான். மற்றவர்கள் தேடுவதற்குள் கை சல்லடையாகிவிடும். அவரும் வெள்ளிக்கிழமையோடு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். "பன்னெண்டு வருஷம் ஆச்சுங்கய்யா. முப்பது கட்டிலுக்கு நானும் ரெண்டு புதுசுங்களும். வீட்டுக்குப் போயும், யாருக்கோ மருந்து குடுக்க மறந்துட்டமோன்னே உக்காந்திருக்கேன்" என்றார். அவரை ஆசைகாட்டி இழுத்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே விழுங்காதே. மாப்பிள்ளையும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பதினான்காம் கட்டில் அப்பா

பி.கு.: அந்தப் புண்ணியவான் நான்தான். உன் வார்டில் இடம் காலி என்று சொல்லி, விண்ணப்பத்தையும் என் கட்டிலில் உட்காரவைத்தே நிரப்ப வைத்தேன். திங்கட்கிழமை அங்கே சேர்கிறார். இனி உனக்கு லீவு தருவார்கள் அல்லவா? கிளம்புமுன், என் கையில் நரம்பு எங்கே அகப்படும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வா. இங்கே அது தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.