நூறு கிராமுக்கு எவ்வளவு இரும்பு

தூத்துக்குடி,
சனிக்கிழமை, காலை 10.40

மதிப்பிற்குரிய மச்சான் நேசக்குமார் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் புருஷன் ஏசுவடியான் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நாசரேத்தில் தாங்களும் மைனியும் தங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். காரணம் இரண்டு. ஒன்று, நம் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து என் மகள் ஜெஸ்மி என்னை நீக்கி ஆறு வாரம் ஆகிறது. இரண்டு, நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஜெஸ்மி கூப்பிட்டால் பிஸி என்று வந்துவிடும். அவளும் உங்கள் தங்கை ஜெபசுதாவும் காலை எட்டு மணிக்கே மெடிக்கல் சென்டருக்குப் போய்விட்டார்கள். என்னைக் கூட்டிப்போகவில்லை. "நீங்க வந்தா அங்கன டாக்டர்ட்ட பாடம் எடுப்பிய, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள் உங்கள் தங்கை. போனை மேசை மேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஜெஸ்மி கப்பல் படிப்பு மூன்று வருஷம் படித்தாள், பிறகு கப்பலில் பயிற்சிக்கு ஒரு இடம் கிடைக்க ஒரு வருஷமும் எட்டு மாதமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது, பெண் பிள்ளைக்கு இருப்பது ஒரே இடம், அது அவளுக்கு என்றது. எட்டு வாரத்துக்கு முன்னால் உடற்தகுதிப் பரிசோதனைக்குப் போனாள். கண் சரி, காது சரி, நெஞ்சு சரி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டும் ஒன்பது புள்ளி எட்டு. பன்னிரண்டு வேண்டும் என்றார்கள். தற்காலிகமாகத் தகுதியில்லை என்று சீல் வைத்து, எட்டு வாரம் கழித்து வா என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். இன்றுதான் அந்த மறுபரிசோதனை. இதிலும் தேறாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அவள் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள் மச்சான். அழுதிருந்தாலாவது நான் சும்மா இருந்திருப்பேன்.

அந்த நேரத்தில்தான் குடும்பக் குழுவில் உங்கள் அட்டவணை வந்து சேர்ந்தது. இடது பக்கம் சைனீஸ் ஹோட்டல் பதார்த்தங்கள், வலது பக்கம் ரோஸ்ட் செய்த மாட்டிறைச்சி, நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு உப்பு, எவ்வளவு இரும்பு என்று வரிவரியாகப் போட்டு, அடியில் "சிந்திப்பீர்" என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். நான் துறைமுகத்து எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் லாரிகளை எடை போட்டவன். எண்ணைக் கண்டால் நம்பிவிடுவேன். நூடுல்ஸில் புரதம் ஐந்தாறு கிராம், ரோஸ்டில் இருபத்தேழு. நூடுல்ஸில் இரும்பு ஒரு மில்லிகிராம் தேறினால் பெரிது, ரோஸ்டில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. உப்பு மட்டும் நூடுல்ஸில் ஏழெட்டு மடங்கு அதிகம். கோபி மஞ்சூரியனை எண்ணெயில் முக்கியெடுத்த காலிஃப்ளவர் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையோ வாரத்தில் ஐந்து நாள் பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கும் சைனீஸ் ஹோட்டலில்தான் சாப்பிடுகிறாள். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே இறைச்சிக்கடை நயினார் காக்காவிடம் போய் தினமும் கால் கிலோ என்று சொல்லிவைத்தேன். அவர் காயல்பட்டினத்துக்காரர், விவரமானவர். "என்ன சார், தெனமும் விருந்தா?" என்றார். மகளுக்கு ரத்தம் குறைவு என்றேன். "அப்ப ஈரல் கொண்டு போங்க. ரெத்தத்துக்கு அதுதான்" என்றார். ஈரல் உங்கள் அட்டவணையில் இல்லை. ஆகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் தங்கை ஒரு வாரம் முகம் சுளிக்காமல் மிளகு போட்டு ரோஸ்ட் பண்ணினாள். நான் தராசில் நிறுத்து நூற்றைம்பது கிராமை ஜெஸ்மி தட்டில் வைப்பேன். அவள் நாலு துண்டு மென்றுவிட்டு மீதியை ஓரமாக ஒதுக்குவாள். சீரணத்துக்கு நல்லது என்று நானே கடுப்பமாகத் தேயிலை போட்டு ஒரு டீயும் கொடுப்பேன். ஜெபசுதா ஒருநாள் பொறுக்காமல், "தட்டுல கெடக்குத சத்த எண்ணாதிய. வயித்துக்குள்ள போனத எண்ணுங்க. அந்தப் புள்ள நூடுல்ஸ்னா ஒரு பிளேட் முழுசா தின்னுது, அதுல முட்டையும் கோழியும் இருக்கு" என்றாள். உன் அண்ணனே அட்டவணை அனுப்பியிருக்கிறாரே என்றேன். "எங்க அண்ணனுக்கு ரிட்டயர் ஆனதுல இருந்து வேற சோலி இல்ல" என்றாள். இது அவள் சொன்னது, நான் சொன்னதல்ல.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. அதை எழுதத்தான் கை வரவில்லை. மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது என்று ஜெஸ்மி சொன்னாள். "அப்ப விட்டுரு. ரோஸ்ட்ல இல்லாததா அந்த மாத்திரைல இருக்கு?" என்று சொன்னது நான்தான்.

இப்போது மணி 11.25. போன் வரவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அட்டவணை நூறு கிராமுக்குச் சொல்கிறது, ஒரு பிளேட் நூடுல்ஸ் எத்தனை கிராம்? அது தெரியாமல் எப்படி ஒப்பிடுவது? சமையலறைத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஹோட்டலுக்கே போனேன். வாசலில் டிராகன் படம், உள்ளே சிவப்பு விளக்கு, சமையல்காரர் பேர் வன்னியபெருமாள், ஊர் கயத்தாறு. ஒரு பிளேட் ஷெஸ்வான் நூடுல்ஸ் வாங்கி மேசை மேலேயே நிறுத்தேன். முந்நூற்று எண்பது கிராம் காட்டியது. அவரைக் கூப்பிட்டு இதில் உப்பு எத்தனை கிராம், சோயா சாஸ் எத்தனை மில்லி என்று கேட்டேன். "அண்ணாச்சி, நான் என்ன மருந்தா கலக்குதேன்? கைக்கு வந்தத போடுதேன்" என்றார் பாவம். நான் விடவில்லை. இதைச் சாப்பிட்டால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும் தெரியுமா என்று குரலை உயர்த்திவிட்டேன். ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தவர்களில் மூலை மேசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்த ஜெஸ்மியும் இருந்தாள்.

எழுந்து என்னிடம் வந்தாள். தராசிலிருந்து பிளேட்டை எடுத்துக் கீழே வைத்தாள். "அப்பா, நான் லாரி இல்ல. ஏத்தி எறக்கி எடை பாக்காதிய" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே போய்விட்டாள். நான் வீடு வந்து சேருவதற்குள் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன்.

அதன் பிறகு ரோஸ்டும் இல்லை, நூடுல்ஸும் இல்லை. ஏதோ ரெண்டு தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. நானும் வீம்பாக இருந்தேன், அட்டவணை என் பக்கம் இருக்கிறது என்ற தைரியம். மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை கோவிலில், ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது எழுந்தவள், முன் பெஞ்சைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் அப்படியே சரிந்துவிட்டாள். சபைப் போதகர் ஐயர் ஜெபத்தை நிறுத்திவிட்டார். "ஏளா ஜெஸ்மி! ஏளா!" என்று ஜெபசுதா கத்தியது மட்டும்தான் என் காதில் கேட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். முப்பத்தொரு வருஷம் எடை பார்த்தவன், என் பிள்ளை இவ்வளவு இலேசாக இருப்பாள் என்று எனக்குத் தெரியாது மச்சான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டயானா என்று ஒரு இளம் டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்பது புள்ளி ஆறு. மூன்று வாரத்தில் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியிருக்கிறது. "மாத்திரை ஒழுங்கா எடுக்கிறாங்களா?" என்று கேட்டார். ஜெஸ்மி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன், நான்தான் நிறுத்தச் சொன்னேன் டாக்டர் என்று. பிறகு சட்டைப்பையிலிருந்து உங்கள் அட்டவணையை எடுத்து நீட்டினேன். பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன்.

அந்த அம்மா அதைப் பொறுமையாக வாசித்தார். "சார், இதுல தப்பில்ல. மாட்டிறைச்சில இரும்பு அதிகம்தான், உடம்புலயும் நல்லா ஒட்டும். ஹோட்டல் சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தி, அதுவும் நெஜம். ஆனா ஒரு மாத்திரைல அறுபது மில்லிகிராம் இரும்பு இருக்கு. அதுக்குச் சமமா ரோஸ்ட் குடுக்கணும்னா ஒரு நாளைக்கு ரெண்டு கிலோவுக்கு மேல குடுக்கணும். உங்க மக புலியா?" என்றார். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். சாப்பிட்டதும் என்ன குடிக்கிறாள் என்று கேட்டார். டீ என்றேன். யார் கொடுப்பது என்றார். "சாப்பாட்டுல இருக்க இரும்ப டீ ஒட்ட விடாது சார். இந்தக் கையால குடுத்து அந்தக் கையால எடுத்திருக்கீங்க" என்றார். ஜெபசுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளோ அழுதாளோ தெரியவில்லை, முதுகு குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஜெஸ்மியின் கட்டில் அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். "என்ன தின்னணும்னு தோணுது?" என்று மட்டும் கேட்டேன். "எக் ஃப்ரைட் ரைஸ்" என்றாள். நானே போய் வாங்கி வந்தேன். வன்னியபெருமாள் விஷயம் கேள்விப்பட்டு இரண்டு முட்டை கூடப் போட்டு, உப்பைக் குறைத்துக் கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து ஐந்து வாரம், காலையில் மாத்திரையும் எலுமிச்சைச் சாறும் நான் கொண்டு வைப்பேன், அவள் குடிப்பாள், பேச்சில்லை. இரண்டாவது வாரம் "தேங்க்ஸ்பா" என்றாள். நான் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மணி 12.40. இன்னும் போன் வரவில்லை. இவ்வளவு நேரம் ஆகிறது என்றால் குறைவாக வந்திருக்கிறது, மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அவள் முதல் தடவை தேறாமல் வந்த அன்று, கடலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பாள் என்று ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குப் பரிகாரமாகத்தான் இத்தனை கிலோ இறைச்சியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் போலிருக்கிறது. கோவிலில் அவள் விழுந்தபோது அந்த நொடிதான் ஞாபகம் வந்தது. இன்று தேறாவிட்டால் அது டாக்டர் மேலோ ஹோட்டல் மேலோ தப்பில்லை.

ஆகவே தங்களிடம் தாழ்மையாகவும் கண்டிப்பாகவும் கேட்டுக்கொள்வது: இனி எந்த அட்டவணையும் என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். சைனீஸ் ஆனாலும் ரோஸ்ட் ஆனாலும் கருவாடே ஆனாலும், யார் என்ன தின்றாலும் ஒரு கிராம்கூட நான் நிறுக்கமாட்டேன். உணவைப் பற்றி இனி என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. இது சத்தியம். தராசை ஜெபசுதா யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடட்டும்.

மைனிக்கு எங்கள் ஸ்தோத்திரம். தங்கள் முழங்காலும் மனமும் சமாதானமாக இருக்கவும், தங்கள் வீட்டு அடுப்பில் வேகிறதெல்லாம் தங்கள் உடம்பில் ஒட்டவும் ஆண்டவர் அருள்புரிவாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ஏ. ஏசுவடியான்

பின்குறிப்பு: மணி 2.15. வந்துவிட்டார்கள். பன்னிரண்டு புள்ளி இரண்டு! போனில் சார்ஜ் இல்லையாம் இரண்டு பேருக்கும். ஜெஸ்மி வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், உங்கள் தங்கை சீட்டை எனக்கு முன் ஆட்டிக்காட்டினாள். வியாழக்கிழமை கப்பல் ஏறுகிறாள், ஒன்பது மாதம். கம்பெனியில் விசாரித்தாளாம், அந்தக் கப்பலில் சமையல்காரர் அசல் சீனாக்காரர்! ஹோட்டல் சைனீஸ் இல்லை மச்சான், நிஜச் சைனீஸ். அதில் நூறு கிராமுக்கு எவ்வளவு இரும்பு, எவ்வளவு உப்பு? மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு உடனே ஒரு அட்டவணை தயார் செய்து அனுப்பவும். ஜெஸ்மிக்கும் ஜெபசுதாவுக்கும் தெரிய வேண்டாம். தபாலில் வரட்டும், கவரின் மேல் "முழங்கால் வைத்தியம்" என்று எழுதிவிடுங்கள். மிக அவசரம்.