துண்டுக்கு அடியில் ஒரு கேள்வித்தாள்

திண்டுக்கல் ஜில்லாவிலேயே அடுத்தவர் துக்கத்தைத் துண்டு போட்டு விலை பேசிய ஒரே மனிதர் எங்கள் தரகர்தான். மாட்டுக்குத் துண்டு போட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். மனசுக்குப் போட்டவர் இவர் ஒருவர்தான் என்று எந்தச் சபையிலும் ஏறிச் சொல்வேன்.

அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் தரகர். அப்பா சந்தை சந்தையாகச் சுற்றிய மாட்டுத் தரகர். இவரும் இருபது வயதுவரை மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். திடீரென்று என்ன தோன்றியதோ, தபால் வழியில் மனோதத்துவம் எம்.ஏ. படித்துவிட்டார். கேட்டால், "மாட்டு மனசெல்லாம் பாத்தாச்சு தாயி. மனுச மனசுதேன் பாக்கி" என்பார்.

நானும் அவரும் ஒரு மனநல ஆராய்ச்சியில் ஜோடியாக வேலை பார்த்தோம். பெண்களிடம் பேச நான், ஆண்களிடம் பேச அவர். சாலை விபத்தில் உயிர் தப்பியவர்கள் அதன் பிறகு மனதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். பேகம்பூரில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். தலைமை தாங்கிய பேராசிரியை மேடம் படு கறார்.

வேலை என்னவோ சுலபம்தான். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம், 'எப்போதும்' என்றால் நான்கு. கூட்டுத்தொகை ஒரு அளவைத் தாண்டினால் அந்த ஆளை ஆலோசகரிடம் இலவசமாக அனுப்பி வைப்போம். தாண்டாவிட்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

ஒருத்தரும் தாண்டவில்லை. எப்படித் தாண்டுவார்கள்? நம் ஊரில் காலில் மாவுக்கட்டோடு கிடப்பவரைக் கேட்டாலும், "நல்லாருக்கேன், நீங்க சாப்ட்டீங்களா?" என்றுதான் பதில் வரும். போதாததற்குக் கேள்வித்தாள் தமிழ் வேறு. "கடந்த முப்பது நாட்களில் தாங்கள் எதிர்பாராத மனக்கிளர்ச்சிக்கு உள்ளானீர்களா?" என்று நான் வாசித்து முடிப்பதற்குள், சின்னாளபட்டியில் ஒரு அக்கா மோர் கலக்கவே உள்ளே போய்விட்டார். ஆண்கள் பக்கம் இன்னும் மோசம். ஆள் வாயைத் திறப்பதற்குள் மச்சான், மாமியார், எதிர்வீட்டுக்காரர் என்று ஒரு கூட்டமே பதில் சொல்லும்.

தரகர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். எட்டாம் நாள் தோளில் ஒரு கட்டம் போட்ட துண்டோடு வந்தார்.

"மாட்டு வெலையவே ஊருக்குக் காட்டாம விரலைப் பிடிச்சுப் பேசுறவங்கெ, மனசுல உள்ளத நாலு பேரு முன்னாடி சொல்லுவாங்கெளா தாயி? இனி துண்டுதேன்."

சந்தையில் நடப்பதேதான். இரண்டு பேர் கையும் துண்டுக்கு அடியில் போகும். பதில் சொல்பவர் தரகரின் விரலில் எத்தனையைப் பிடிக்கிறாரோ அத்தனை மார்க். ஒன்றையும் பிடிக்காவிட்டால் பூஜ்யம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விஷயம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மேடத்துக்குத் தெரியக் கூடாது என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை. நானும் தனியாகக் கேட்கவில்லை.

வெள்ளோட்டம் நெய்க்காரப்பட்டியில். பைக்கிலிருந்து விழுந்து தேறிய ஒரு வயசான விவசாயி. பழைய சந்தைக்காரர் என்பது எங்களுக்குத் தெரியாது. "கெட்ட கனவு வருதுங்களா?" என்று கேட்டுவிட்டுத் துண்டைப் போட்டார் தரகர். கை உள்ளே போனதும் பெரியவர் முகமே மாறிவிட்டது. கண்ணைச் சுருக்கினார். தரகர் புருவத்தைத் தூக்கினார். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். துண்டு குலுங்குகிறது. கனவைப் பற்றி ஒரு பேச்சில்லை.

கடைசியில் பெரியவர் பெருமூச்சு விட்டு, "சரிங்க, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். மூணுக்கு முடிச்சுக்கலாமுங்க" என்றார்.

"முடிஞ்சுது!" என்று கையைக் குலுக்கினார் தரகர்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அவரு என்னதான் சொன்னாரு?"

"ரெண்டுன்னுதேன் ஆரம்பிச்சாரு. கை பழக்கம் தாயி, நான் நாலுன்னு அமுக்கிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார்.

நான் சிரித்துக்கொண்டே அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டேன். இனிமேல் பதிலுக்கு அமுக்குவதில்லை என்று துண்டின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

அடுத்தது நிலக்கோட்டை, முருகேசன். பூ ஏற்றும் வேன் ஓட்டியவர். வேன் குடைசாய்ந்ததில் உடம்பில் பெரிய காயமில்லை. ஆனால் ஐந்து மாதமாகச் சாவியையே தொடவில்லை. வேன் வாசலில் தூசி படிந்து நின்றது. அவரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் குடும்பம்.

"மருமகனுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்காரு. செத்த சோம்பேறித்தனம், அம்புட்டுத்தேன்" என்றார் மாமியார்.

மனைவி செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரகர் துண்டை விரித்தார். "வேன் சத்தம் கேட்டா பயமாருக்கா?"

முருகேசன் அவர் விரல் எதையும் தேடவில்லை. மொத்தக் கையையும் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலும் சேர்த்து. படிவத்தில் ஐந்துக்குக் கட்டமே கிடையாது. இரண்டாம் கேள்வியைக் கேட்கலாமென்றால் கையை விட்டால்தானே! முகம் மட்டும் கல் மாதிரியே இருந்தது. அரைமணி நேரம் தரகர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மேடம் படிவத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ சீட்டுக் கிழிகிறது என்று அர்த்தம்.

"முதல் கேள்விக்கு அஞ்சு. அஞ்சே கிடையாது! மிச்சம் முப்பத்தொன்பது கேள்வி என்ன ஆச்சு?"

"அவரு கைய விடலைங்க மேடம்."

"கையா? கைக்கு இங்க என்ன வேலை?"

துண்டுக் கதை முழுக்க வெளியே வந்தது. துண்டு போட்டு வாங்கிய படிவம் செல்லாது என்றார் மேடம். தரகருக்கு இனிமேல் வெளிவேலை கிடையாது, ஆபீஸில் உட்கார்ந்து காகிதம் அடுக்க வேண்டியதுதான். மனிதர் அதற்கெல்லாம் அசையவில்லை. படிவம் போனால் முருகேசன் ஆலோசகரிடம் போக முடியாது என்பது உறைத்ததும்தான் எழுந்து நின்றார்.

"படிவம் செல்லாது, சரிங்க மேடம். ஆளும் செல்லாதுங்களா?"

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆலோசகருக்குத் தன் கைப்படவே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தரகரின் தண்டனை மட்டும் குறையவில்லை.

ஆலோசகரிடம் முருகேசன் சில வாரங்கள் போனார். முதலில் நிற்கிற வேனில் சும்மா உட்காருவது, பிறகு தெருமுனைவரை ஓட்டுவது. கடைசியில், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூ ஏற்றி ஒரு நடை போய்வாருங்கள் என்றார் ஆலோசகர். முருகேசன் கேட்டது தரகரை. இடம் இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன்.

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் ஒன்றும் டெல்லி இல்லை. அன்றைக்கு என்னவோ டெல்லிதான். மாட்டுவண்டி வேகம். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனிலேயே எங்கள் வம்சத்தைத் திட்டினார்கள். தரகர் நிமிடத்துக்கு ஒரு தரம் "இப்ப எம்புட்டு?" என்பார்.

"நாலு!" என்று கத்துவார் முருகேசன், ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு.

"கத்து, இன்னும் சத்தமாக் கத்து! இப்ப?"

"நாலுண்ணே! லாரி வருது, நாலு!"

சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஏதோ ஏலம் நடக்கிறதென்று எட்டிப் பார்த்தார். சின்னாளபட்டி தாண்டியதும் ஒரு "மூணு" வந்தது. ஊருக்குள் நுழையும்போது முருகேசன் தானாகவே, "ரெண்டுண்ணே" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் மூட்டையைப் பிரித்துவிட்டுக் குதித்தார். மொட்டாக ஏற்றிய மல்லிகை வழியிலேயே பாதி மலர்ந்துவிட்டது.

"ஏப்பா, நடந்தா வந்த?"

"வந்துட்டேன்ல அண்ணே!" என்று முருகேசன் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தரகர் இறங்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எம்புட்டுன்னு மட்டும் கேட்டுறாத தாயி" என்றார். பிறகுதான் சொன்னார், சின்ன வயதில் மாடு ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்தபோது அதில் இவரும் இருந்தாராம். அதிலிருந்து வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்ததே இல்லையாம். அப்படிப்பட்டவர் மறுநாளும் போனார், முருகேசன் "வேண்டாம்ணே, நானே போய்க்கிறேன்" என்று சொல்லும்வரை தினமும் போனார்.

எனக்கு எத்தனையோ படித்தவர்களைத் தெரியும். ஆனால் என் வண்டி என்றைக்காவது குடைசாய்ந்தால், பக்கத்து சீட்டில் வந்து உட்கார எனக்கு அந்த மனிதர்தான் வேண்டும்.