புருலின் சமையலால் வந்ததாகச் சொல்லப்பட்ட வலி

நாரின், ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி,
ஜன்னலோரக் கட்டில்.

மதிப்பிற்குரிய அண்ணன் சகின்பாய் அவர்களுக்கு,

தம்பி இமனாலி பணிவோடு எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும், குதிரைகள் ஆடுகள் உட்பட, சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றிப் போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசி முடித்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம்.

முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டர் பொம்மையின் வயிற்றைத் திறந்து, "பசங்களா, இதுதான் கணையம், இரைப்பைக்குப் பின்னால படுத்திருக்கும், யார் வம்புக்கும் போகாது" என்று சொல்லிவந்தவன் நான். இந்த மாதம் மூன்றாம் தேதி மத்தியானம் என் வீட்டுக்காரி புருல் வறுத்த இறைச்சியைத் தின்றுவிட்டுக் கைகூடக் கழுவவில்லை, மேல்வயிற்றில் குதிரை உதைத்தது போல ஒரு வலி, அது முதுகுவரை போய் வாரால் கட்டியது போல இறுக்கியது, குனிந்தால் தேவலை, நிமிர்ந்தால் உயிர் போகிறது, வாந்தி நிற்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் பனியில் வழுக்கி வழுக்கி மூன்று மணி நேரம், வந்து சேர்ந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்து, கணைய அழற்சி என்று சொல்லி, கையில் ஊசியைக் குத்திப் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றினார்கள். இரண்டு நாள் வாயில் பச்சைத் தண்ணீர் கிடையாது.

டாக்டர் ஐஜார்கின் என்னிடம் படித்த பெண். அவள் கேட்டாள்: "சார், குடிப்பீங்களா?"

"நானா? பள்ளிக்கூடத்துல குடிக்காதீங்கன்னு வருஷா வருஷம் பேசுறவனே நான்தாம்மா!"

"தெரியும் சார். முதல் வரிசையில உக்காந்து கேட்டிருக்கேன். அதான் மெதுவாக் கேக்குறேன்."

"ஒரு சொட்டு கிடையாது."

எழுதிக்கொண்டாள். ஸ்கேனில் பித்தப்பையில் கல் இல்லை. ரத்தத்தில் கொழுப்பும் சரியாக இருந்தது. "அப்போ எதனால சார் வந்திருக்கும்?" என்று என்னையே கேட்டாள். காரணத்தை நீங்கள்தான் போனில் கண்டுபிடித்தீர்கள்: "டேய், உன் பொண்டாட்டி எல்லாத்தையும் கொழுப்புல முக்கி எடுக்குறவ. அவள அம்மா வீட்டுக்கு அனுப்பு, நீ பொழச்சுக்குவ." உங்கள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. புருல் என் நெற்றிக்குத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் கச்கின் என்று ஒரு லாரி டிரைவர். அதே வியாதி. அவரும் குடிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். "வாத்தியாரே, இந்த வார்டுல உத்தமனுங்க நாம ரெண்டு பேருதான். அதான் ஆண்டவன் தேடிப் பிடிச்சு உதைக்கிறான்" என்று சிரிக்க வைத்தார், சிரித்தால் வலி இன்னும் அதிகம். நாலாம் நாள் எனக்குச் சுவர்க்காகிதம் ஒட்டும் பசை மாதிரி ஒரு கஞ்சி கொடுத்தார்கள். அன்றைக்கு அவருக்கு வயிறு ஊதிவிட்டது, பிறகு காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல், பிறகு சிறுநீர் நின்றுபோய்த் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். கணையம் தன்னையே தின்று அழுகுகிறது என்றாள் டாக்டர். பதினாலாம் நாள் காலையில் போய்விட்டார்.

தாழ்வாரத்தில் அவருடைய அண்ணன் தம்பிகள் அவர் மனைவியைச் சூழ்ந்துகொண்டு, "என்னடி போட்ட அவனுக்கு?" என்று கேட்டார்கள். அந்த அம்மாள் அவருடைய பூட்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சூப்புதாங்க வெச்சேன், வெறும் சூப்பு" என்று எல்லோரிடமும், தரை துடைக்கிறவரிடம்கூடச் சொன்னார். உப்புநீர் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு கதவுவரை போன நான், திரும்பி வந்து சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

என் வயிற்றில் இன்னும் நீர் கட்டியிருக்கிறது, மூன்று வாரம் படுக்கை. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்கிறார்கள். அண்ணன் சொல்லை நான் என்றைக்கும் தட்டியதில்லை. வசந்தம் வந்ததும் புருலை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் அடுப்பு அணையாமல், மந்தை பெருகி, பேரப்பிள்ளைகளால் மடி நிறைந்திருக்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்
தம்பி இமனாலி

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போட வேண்டும், வேறு தாள் இல்லை. நான் குடிப்பேன் அண்ணா. மூன்று வருடமாக, வைக்கோல் கொட்டகையில். இரண்டாம் தேதி மட்டும் ஒரு முழு பாட்டில். இன்று காலை டாக்டரிடம் சொன்னேன். "இனிமே தொடலன்னா பொழச்சுக்குவீங்க சார்" என்று சொல்லிவிட்டு, பழைய வரியை அடித்து எழுதினாள். புருல் பக்கத்தில்தான் நின்றாள்.

"எனக்குத் தெரியும். கொட்டகைய யாரு கூட்டுறான்னு நெனச்சீங்க?" என்றாள்.

"அப்போ அண்ணன் பேசினப்போ ஏன் சும்மா இருந்த?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். பதினேழு நாளாப் பாத்தேன்."

மத்தியானக் கஞ்சியை வைத்தாள், ஆறட்டும் என்றாள், கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். அம்மா வீட்டுக்குப் போகிற வண்டி ஒரு மணிக்கு. நீங்கள் அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் அண்ணா. நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாள்.