எங்கள் அக்காளை நான் ஆற்றில் தள்ளவில்லை

உ
அர்த்தநாரீசுவரர் துணை

குமாரபாளையம்,
சுபானு வருஷம், தை மாதம் 12.

பள்ளிபாளையம் சரவணமுத்து மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கந்தம்மாளின் புருஷனாகிய நாச்சிமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், மகள் பெரியநாயகியும், கூட இருக்கும் என் அக்காள் காளியாத்தாளும் திருச்செங்கோட்டு மலைக்காரர் தயவில் சௌக்கியம். அங்கே தாங்களும், கந்தம்மாளும், பிறந்து மூன்றாம் மாதம் நடந்தும் அக்காக்காரி பெரியநாயகி இன்னும் கண்ணால் பார்க்காத என் மகனும் சௌக்கியமாக இருக்க அதே மலைக்காரரை வேண்டுகிறேன். அவருக்கு என்ன, பெண்டாட்டியைப் பாதி உடம்பாகவே வைத்துக்கொண்டார். பிறந்த வீட்டுக்கு அனுப்புவது, திரும்பக் கூப்பிடுவது என்கிற வம்பே அவருக்குக் கிடையாது.

நிற்க. தங்கள் கடிதம் கிடைத்தது. நான் என் சொந்த அக்காளை ஒரு வண்டியில் உட்கார வைத்துக் காவேரியில் தள்ளிவிட்டதாகப் பவானிச் சந்தைக்கு வந்த யாரோ தங்களிடம் சொன்னதாகவும், "கூடப் பிறந்தவளையே ஆற்றில் தள்ளுகிறவர் வீட்டுக்கு என் தங்கையையும் பச்சைக் குழந்தையையும் எந்த நம்பிக்கையில் அனுப்புவது?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மச்சான், நான் தள்ளவில்லை. அக்காள் தானாகத்தான் போனாள். போனவள் சுகமாகத் திரும்பி வந்து, இப்போது சமையல்கட்டில் நின்றுகொண்டு "அந்தப் பள்ளிபாளையத்தானுக்கு நல்லா உறைக்கிற மாதிரி எழுதுடா" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும்.

ஆவணியில் கந்தம்மாளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக நீங்கள் வந்தபோது பெரியநாயகிக்கு அம்மை வார்த்திருந்தது, அதனால் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். கார்த்திகையில் மகன் பிறந்து பதினாறாம் நாள் நான் பார்க்க வந்தபோது அடைமழை, அப்போதும் பிள்ளையைக் கூட்டி வர முடியவில்லை. அன்றைக்குப் புறப்படும்போது நான் என்ன சொன்னேன்? "மூணாம் மாசம் கொண்டாந்து உட்டுருங்க" என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எங்க பக்கம் மாப்பிள்ளை வந்து அழைச்சாத்தானுங்க அனுப்பற வழக்கம்" என்றீர்கள். எங்கள் தெருவில் தாய்மாமன் வீட்டார் கொண்டுவந்து விடுவதுதான் வழக்கம். ஆற்றங்கரையில் மேலும் கீழுமாக இருக்கிற இரண்டு ஊருக்குள் வழக்கம் மட்டும் எப்படித்தான் இப்படி மாறிப்போனதோ! மார்கழி போயிற்று, தையும் பாதியாகப் போகிறது. நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், நானும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒற்றைப்படை மாசத்தில்தான் கூட்டி வர வேண்டும், இதை விட்டால் பங்குனி.

நமக்கு இது புரிகிறது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? "அம்மா ஏனுங்கப்பா வரலை?" என்று தினமும் கேட்டால், "உங்க மாமனுக்கும் எனக்கும் யாரு முதல்ல வாசப்படி மிதிக்கறதுன்னு தகராறு சாமி" என்றா சொல்ல முடியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வண்டி கிடைக்கவில்லை, சீமைச் சண்டைக்காகச் சர்க்காரார் எல்லா வண்டியையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். "நம்ம தெருப் பச்சமுத்து மாமன் வண்டி நிக்குதே?" என்றாள். அதில் மூட்டைதான் ஏற்றலாம், ஆளை ஏற்றக்கூடாது என்றேன். அன்றைக்கு அத்தோடு விட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் வாசலில் ஒரு கட்டு சோளத்தட்டைப் போட்டுக்கொண்டு, தோலை உரிக்கிறாள், உள்ளே மெத்தென்று இருக்கும் வெண்டுத் தண்டைத் துண்டு துண்டாக நறுக்குகிறாள், உரித்த தோலைச் சீவி ஊசியாக்கி வெண்டுகளைக் கோத்துக் கோத்துப் பொருத்துகிறாள். "என்ன அம்மிணி பண்றே?" என்றேன். "வண்டி இல்லீன்னு சொன்னீங்கல்ல, அதான் பண்றேனுங்க" என்றாள்.

சரி, பொடுசு ஏதோ விளையாடுகிறது என்று நான் தறிக்குழியில் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தறியில் என்ன இருக்கிறது, மச்சான்? நூல் கண்ட்ரோலில் போய்க் கைக்கு வருவதில்லை, பாவு ஓட்டி எத்தனை நாளாச்சு! அதுவுமில்லாமல் அவள் வைத்த அச்சு கோணலாக இருந்தது. கோணலைப் பார்த்துக்கொண்டு ஒரு நெசவுக்காரன் எப்படிச் சும்மா இருப்பான்? உட்கார்ந்து நேராக்கினேன். பிறகு நுகத்தடி வைத்தேன். பிறகு மேலே கூண்டு வளைத்தேன். பொழுது சாயும்போது இரண்டு மாடு, வண்டிக்காரன், கையில் சாட்டை எல்லாம் சோளத்தட்டிலேயே ஆகிவிட்டது. அக்காள் சோற்றுக்குக் கூப்பிட்டது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. எழுந்து கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தால் பச்சமுத்துவின் எருது எங்கள் வாசலில் நிற்கிறது, வண்டி இல்லை. ஊர் உலகத்தில் மாடு வண்டியை இழுக்கும், எங்க ஊட்டு வாசல்ல மாடு வண்டியைத் தின்னுபோட்டுது. பெரியநாயகி அழவில்லை. "தீனி இல்லாத வண்டியாப் பண்ணோணுமுங்க" என்றாள்.

அடுத்த நாள் அவள் கண் என் தறிச் சாமான் மேல் விழுந்தது. நூல் சுற்றும் தார்க்குச்சி எல்லாம் நூலில்லாமல் கூடையில் கிடந்தது, அதை அடுக்கி வண்டியின் அடித்தட்டுக்கு வரிச்சுப் போட்டாள். நூல் சுற்றுகிற ராட்டையைக் காட்டி "இது சும்மாத்தானுங்க நிக்குது" என்றாள். சும்மா நிற்பதை இல்லையென்று நான் எந்த வாயால் சொல்வேன்? கழற்றிக் கொடுத்தேன். இன்னொரு சக்கரத்துக்கு எதிர் வீட்டு ராட்டையும் வந்தது, அதோடு எதிர் வீட்டுக்காரரும் வந்தார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், பிறகு தெருவே வந்தது. தெரு முழுக்கத் தறி நின்று கிடக்கும்போது வெறும் வாயை மென்றவங்களுக்கு அவல் கிடைச்ச கதைதான். அச்சு வேம்பாக இருக்க வேண்டும் என்று ஒருவர், மூங்கில்தான் வளைந்து கொடுக்கும் என்று இன்னொருவர், மாடு இடப்பக்கம் இழுத்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்றாமவர். மாடே இல்லாத வண்டிக்கு மாடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று இரண்டு பேர் துண்டை உதறிப் போட்டுச் சண்டைக்குப் போனார்கள். நடுவில் உட்கார்ந்துகொண்டு பெரியநாயகிதான் "நீங்க அதைப் புடியுங்க, நீங்க இதைக் கட்டுங்க" என்று எல்லாரையும் வேலை வாங்கினாள்.

வண்டி ஆயிற்று. பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டுமே. தொட்டில் போடும்போது குழந்தைக்கு முன்னால் குழவிக்கல்லைக் கிடத்துவது நம் வழக்கம்தானே, அதை எந்த வீட்டிலோ பார்த்திருக்கிறாள். அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி "தம்பி" என்று ஏற்றினாள். வண்டி ஒரு முழம் போயிற்று, இரண்டு முழம் போயிற்று, ராட்டைச் சக்கரம் அப்பளமாக உடைந்தது, "தம்பி" நேராக என் கால் பெருவிரல் மேல் வந்து இறங்கினான். ஐயோ, அம்மா, அப்பா என்று நான் ஒற்றைக் காலில் சுற்றுகிறேன், அவள் குழவியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "தம்பியே அழுகலை, நீங்க ஏனுங்கப்பா அழுகறீங்க?" என்கிறாள். தெருவே சிரித்தது. எதிர் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, உடைந்தது அவருடைய ராட்டை.

இத்தோடு போதும் என்று சொல்லிப்பார்த்தேன், மச்சான். "அம்மா தம்பியை உடக் கனமுங்களே, இது எப்படிப் பத்தும்?" என்றாள். அவள் அழுதால்கூட ஒரு மிட்டாயைக் கொடுத்து ஆற்றிவிடுவேன். அழாமல், அடம் பிடிக்காமல், பேசாமல் வேலையைப் பார்க்கிறாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் நானே பச்சமுத்துவிடம் ரம்பம் வாங்கி, ஆற்றங்கரையில் கிடந்த வேப்பங்கட்டையை வட்ட வட்டமாக அறுத்து நாலு சக்கரம் பண்ணினேன். பழைய தானியப் பெட்டி அடிப்பாகம், நான் தறியில் உட்காருகிற பலகை ஆசனம், முன்னால் ஒரு நுகத்தடி. முடித்துப் பார்த்தால், அட சாமி, என்ன வண்டி தெரியுமுங்களா! நானே ஒரு தரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

இப்ப யாரு ஏறிப் பாக்கறது? அதுவரைக்கும் "பைத்தியக்கார அப்பனும் புள்ளையும்" என்று வைதுகொண்டிருந்த அக்காள் முறத்தில் அவரைப் பருப்புப் புடைத்துக்கொண்டு நின்றாள். பெரியநாயகி போய் முந்தானையைப் பிடித்தாள். "அத்தே, அம்மா உங்களாட்டமேதான் இருப்பாங்க. நீங்க உக்காந்தா அம்மா உக்காரலாம்." கந்தம்மாள் அக்காளில் பாதி இருப்பாளா? ஆனால் அந்தப் பேச்சுக்கு அக்காள் உருகிப்போனாள். முறத்தோடேயே ஏறி உட்கார்ந்தாள். நான் கயிற்றை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதானுங்க. எங்க தெரு ஆத்தைப் பாத்துச் சரிவு என்கிறது அத்தனை நெசவுக்காரங்களில் ஒருத்தனுக்கும் ஞாபகம் வரலை. வண்டி கிளம்பிப்போச்சு. "நாச்சிமுத்தூ!" என்று ஒரு சத்தம், பிறகு சக்கரச் சத்தம்தான். வெள்ளாடு ரெண்டு பக்கமும் ஒதுங்குது, பாவு காயப்போடுற இடத்துல நின்ன சனம் செவுத்தோட ஒட்டுது, நான் கட்டை விரல் கட்டோட நொண்டிக்கிட்டே ஓடறேன், எனக்கு முன்னால பெரியநாயகி கையைத் தட்டிக்கிட்டு ஓடறா, "அம்மா உக்காரலாமுங்க! அம்மா உக்காரலாமுங்க!"

வண்டி படித்துறை மணலில் போய்ச் சொருகி நின்றது. அக்காள் கால் கணுக்கால் வரை தண்ணீரில். தை மாசத் தண்ணீர், அதிகமில்லை. முறம் கையிலேயே இருந்தது, ஒரு பருப்புச் சிந்தவில்லை. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றோம். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தேன். அக்காள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "ஏன்டா, நிறுத்தறதுக்கு ஒரு கட்டை வெக்கோணும்னு உங்க ஒருத்தனுக்கும் தோணலையா?" என்றாள். எழுந்திருக்கக் கை கொடுத்தேன். "ஏறினவளை இறக்கி நடக்க வெச்சுக் கூட்டிப்போறதா? இழுங்கடா" என்றாள். தெருவே இழுத்துக்கொண்டு வந்தது. அந்த ஓட்டத்தையும் ஊர்கோலத்தையும்தான் எவனோ பார்த்துவிட்டுச் சந்தையில் போய்த் தள்ளிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். கட்டை வைத்தாயிற்று, வண்டி இப்போது நிற்கச் சொன்னால் நிற்கும்.

ஆகையால் மச்சான், நான் அறுதியாகச் சொல்லிக்கொள்வது. எங்கள் வீட்டில் எந்த ஆபத்தும் இல்லை. தாங்கள் இந்த மாசத்துக்குள், முறைப்படி, கந்தம்மாளையும் குழந்தையையும் கொண்டுவந்து விட வேண்டியது. வந்து அழைப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நானும் நாலு பேர் மதிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். வழக்கத்தை மீறி என் கால் தங்கள் வாசற்படியை மிதிக்காது. காவேரி மேற்கே திரும்பி ஓடினாலும் மிதிக்காது. பங்குனி ஆனாலும் சரி, ஆடி ஆனாலும் சரி.

கந்தம்மாளுக்கு என் அன்பைச் சொல்லவும். மகனுக்கு என் ஆசீர்வாதம், நூறு வயசு இருக்கட்டும். தங்களுக்கும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் நமஸ்காரம். அக்காளும் தங்களுக்கு ஏதோ சொல்லச் சொன்னாள், அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்படாத, ஆனால் மரியாதை குறையாத
நாச்சிமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, ஒட்டுவதற்கு ரெண்டு சோற்றுப் பருக்கை கேட்டேன். கொண்டுவந்தவள் பெரியநாயகி. "யாருக்குங்கப்பா?" என்றாள். "மாமனுக்கு, அம்மாவைக் கொண்டாந்து உடச் சொல்லி" என்றேன். "ஏனுங்க? வண்டி இல்லீன்னுதானே நீங்க போகலை. இப்பத்தான் இருக்குதே, அப்புறம் என்னங்கப்பா?"

பஞ்சாயத்துக் கூட்டி ஊர்ப் பெரியவங்க கேட்டிருந்தா நான் விடிய விடியப் பதில் சொல்லியிருப்பேன், மச்சான். இவ கேட்டதுக்குப் பருக்கைதான் கையில் காஞ்சு போச்சு. அவளும் தம்பியைப் பார்க்கோணும், எனக்கும் கந்தம்மாளைப் பார்க்கோணும். அதனால் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பச்சமுத்து வண்டியில் உங்கள் ஊர் எல்லை வரைக்கும் வருகிறோம். அதில் மூட்டைதானே ஏற்றலாம் என்று கேட்டாள், நானும் ஒரு மூட்டைதான் என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லையில் எங்கள் வண்டியை இறக்கி, அதிலேயே உங்கள் தெருவுக்குள் வர வேண்டுமாம், அப்போதுதான் மரியாதையாம்.

இதை உங்கள் கையில் கொடுக்கிறவள் அவள்தான். மேலே எழுதியதைப் படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். வண்டியில் இடமெல்லாம் அவளே பிரித்துவிட்டாள்: பலகையில் அம்மா, மடியில் தம்பி, பக்கத்தில் அவள். "நான் எங்க சாமி?" என்று கேட்டேன். "நீங்க முன்னாலைங்கப்பா. மாடு வேணுமில்லீங்களா?" என்றாள். ஆகவே உங்கள் வாசலில் நுகத்தடியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு நிற்பது நான்தான், சிரித்து முடித்ததும் கந்தம்மாளைக் கூப்பிடுங்கள்.