குப்பண்ணனின் சாவி சிறைபுகுந்த படலம்

வாழி, வடகரப்பதிப் பெருநிலத்தின் மணிமுடியே! நாலரை ஏக்கர் நிலக்கடலைக் காட்டின் தனிப்பெருந் தலைவரே, முன்வழுக்கை மின்னும் முழுமதி நெற்றியரே, மூன்று கியரை மட்டுமே பழகியும் நான்காவதற்கு அஞ்சாத நெஞ்சினரே, குப்பண்ணப் பெருந்தகையே, வாழி! நாமகளே, இக்கதை சொல்லும் நாவில் வந்து அமர்க. அமர நேரமில்லையேல் நின்றபடியேனும் துணை செய்க. இங்கே பாடப்படுவது மண்ணுக்கும் பொன்னுக்கும் மூண்ட போரன்று. ஒரு காரின் கதவுக்கும் அதன் சொந்தக்காரருக்கும் பட்டப்பகலில் மூண்ட போர்.

எழுபத்து நாலாம் ஆண்டு, வானம் கைவிரித்துக் கிணறுகளெல்லாம் அடிப்பாறை காட்டிய கொடுங்கோடையில், மோட்டாரின் முனகலுக்குக் காரணம் அறியக் கிணற்றுக்குள் குனிந்த நம் தலைவரின் சட்டைப்பையிலிருந்து, அவருடைய கருநிறக் காரின் ஒற்றைச் சாவி விடுபட்டு, எழுபதடி ஆழத்துச் சேற்றில் பாய்ந்து மறைந்தது. வேறொருவராயின் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். குப்பண்ணனோ காரின் அருகே சென்று, கைப்பிடிக்கு நான்கு விரற்கடை கீழே, தம் இடிநிகர் முட்டியால் ஒரு குத்து விட்டார். கதவு திறந்தது. உள்ளே புகுந்து, பம்புசெட்டு அறையில் மிஞ்சிக்கிடந்த சுவிட்சு ஒன்றை ஸ்டீயரிங்குக்கு அடியில் பொருத்தினார். வண்டி உறுமியது. அன்றுமுதல் அந்தக் கார் சாவியென்னும் அடிமைத்தளையை அறியாது வாழ்ந்தது.

அதனால் விளைந்த சுகம் சொல்லி மாளாது. சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கும் வேலை ஒழிந்தது. இரு கையிலும் சுமையோடு வரும் அவர் மனைவி கமலாத்தாள், இடுப்பால் ஓர் இடி இடித்தே கதவைத் திறந்துகொண்டாள். குப்பண்ணனுக்கு இதில் கொஞ்சம் கர்வமே உண்டாயிற்று. வருவோர் போவோருக்கெல்லாம் குத்திக் காட்டினார். அங்கேதான் கெட்டது காரியம். ஏனெனில் முட்டி என்பது ஆண்டவன் எல்லோருக்கும் அளித்த கருவி.

அக்கருவியை நன்கு பயன்படுத்தியவன் பொங்கியண்ணன். குப்பண்ணனின் சித்தப்பா மகன், வேலியடுத்த பங்காளி, கேட்டு வாங்குவதைக் கேவலமாகக் கருதும் பெருங்குடிப் பிறந்தோன். ஒருநாள் பருத்திக்கொட்டை மூட்டை ஏற்றிவரக் காரை எடுத்துப் போனான். ஒருநாள் மேட்னி ஷோவுக்குக் கோயமுத்தூர் போனான். பின்னொரு நாள் வயிறு உப்பிய கிடாயை மாட்டாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக, அது வழியெல்லாம் பின்சீட்டைத் தின்று குணமடைந்து திரும்பியது. பெட்ரோல் டாங்கோ ஒவ்வொரு முறையும் வறண்ட கிணறாகத் திரும்பியது.

பொறுத்தார் குப்பண்ணன், இரண்டாண்டு பொறுத்தார். சீட்டைத் தின்ற பின் பொறுக்கவில்லை. கோயமுத்தூர் சென்று நான்கு கதவுக்கும் நான்கு புதுப்பூட்டு வாங்கி மாட்டினார். குமிழை அழுத்திக் கதவைச் சாத்தினால் போதும், தானே பூட்டிக்கொள்ளும் நுட்பப் பூட்டுகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு சாவி. அன்று மாலை டீக்கடை முன்பு நின்று, நாற்றிசையும் நடுங்கப் பிரகடனம் செய்தார்:

"இனிமே எம்பட கார்ல எவங் கை வெச்சாலுஞ் செரி, அந்தக் கையி இருக்காது, பாத்துக்குங்க!"

டீ குடித்துக்கொண்டிருந்த பொங்கியண்ணனும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினான்.

இவ்வாறிருக்க, தை மாதத்து முதல் முகூர்த்தம் வந்தது. குப்பண்ணனின் ஒரே தங்கை மருதாத்தாளின் மகளுக்குக் காதுகுத்து. மழை பொய்த்ததால் மூன்று முறை தள்ளிப்போன விசேஷம். பிள்ளைக்கு வயது ஐந்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் காது குத்துவது குலமரபு. தாய்மாமன் வந்து சேராவிட்டால், அவருக்கு அடுத்த முறைக்காரன் மடியில் அமர்த்துவார்கள். அடுத்த முறைக்காரன் யாரென்று நினைக்கையிலேயே குப்பண்ணனுக்கு நெஞ்சு எரியும். பொங்கியண்ணன்தான்.

கோயில் எட்டு மைலுக்கு அப்பால். முகூர்த்தம் பத்தரைக்கு. ஒன்பது மணிக்கே பட்டுப்பாவாடை, பொன்தோடு, வெல்லம், அரிசி, வாழைத்தார் என்று சீர்த்தட்டுகள் பின்சீட்டில் ஏறின. அம்மனுக்கு நேர்ந்த செஞ்சேவல் கால் கட்டப்பட்டு முன்சீட்டில் அமர்ந்தது. புதுப்பூட்டு பூண்ட பின் வண்டி போகும் முதல் நல்ல காரியமாதலால் பூசை போடாமல் எடுக்கலாமா? ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த முருகன் படத்தின் திருவடியில் சாவியை வைத்துத் திருநீறு இட்டார் குப்பண்ணன். சூடம் ஏற்றி வண்டியை மும்முறை வலம்வர வேண்டுமே, கதவு திறந்துகிடந்தால் இடிக்குமே என்று, புதுப்பூட்டின் மேலிருந்த பக்தியால் குமிழையும் மறவாது அழுத்தி, கதவைச் சாத்தினார். மூன்று சுற்று வந்தார், தேங்காய் உடைத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை.

"ஏனுங்க, சாவிய உள்ளயே வெச்சுப்போட்டுச் சாத்திப்போட்டீங்களா?" என்றாள் கமலாத்தாள்.

தலைவர் வண்டியைச் சுற்றிவந்து நான்கு கைப்பிடியையும் இழுத்துப் பார்த்தார். வேட்டியை வரிந்து கட்டினார், போர் மூண்டது. முதற்கண் தம் புகழ்பெற்ற குத்தை விட்டார். விரல் வீங்கியது, பூட்டு வீங்கவில்லை. தென்னை ஈர்க்கு கொணர்ந்தார், முறிந்தது. தோசைக்கரண்டியைக் கண்ணாடியின் இடுக்கில் செலுத்தினார், அது வளைந்து அங்கேயே தங்கிவிட்டது. வேலிக்கம்பியைக் கொக்கியாக்கி விட்டுத் துழாவியபோது, உள்ளிருந்த சேவல் அதைப் பகைவன் வேலென்று கருதி, கட்டிய காலோடு எம்பி எம்பிக் கொத்தித் தன் கோட்டையைக் காத்தது. காத்த களைப்புத் தீரப் பின்சீட்டுக்குத் தாவிச் சீர் அரிசியையும் தின்னத் தொடங்கியது. கண்ணாடியை உடைக்கக் கல்லெடுத்தார் குப்பண்ணன். நல்ல நாளும் அதுவுமாய்க் கண்ணாடி உடைந்தால் ஆகாதென்று கமலாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி ஒன்பதே முக்கால். ஒன்பதரை பஸ் அப்போதே போய்விட்டிருந்தது.

தங்கை வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், பிள்ளை வேறு மடியில் ஏறி உட்காருவதும் அவர் கண்முன் வந்து நின்றன. அழுகை வந்துவிடுமோ என்றுகூடப் பயந்தார். அந்நேரம் பார்த்து, சலவை வேட்டி பளபளக்க, சைக்கிள் மணி முழங்க, கோயிலை நோக்கிப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தான் பொங்கியண்ணன். மிதித்துக்கொண்டே போயிருந்தால் மடி அவனுடையது. இறங்கினான். வளைந்த கரண்டியைப் பார்த்தான், சேவலைப் பார்த்தான், அண்ணனின் முகத்தையும் பார்த்தான்.

"தொறக்கோணுங்களாண்ணா?"

டீக்கடைப் பிரகடனம் குப்பண்ணனின் தொண்டைக்குள் முள்ளாய்க் குத்தியது. விழுங்கினார். கமலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தொறந்து உடு, சாமி" என்றார்.

பொங்கியண்ணன் கதவுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வண்டியின் பின்புறம் சென்றான். டிக்கியை ஒரு தட்டுத் தட்டித் தூக்கினான். சலவை வேட்டியோடு அதனுள் தவழ்ந்து, பின்சீட்டின் சாய்மானத்தை உள்நோக்கித் தள்ளினான். சீர்த்தட்டுகள் சரிந்தன, அவன் தலைக்கு மேலாகச் சேவல் முதலில் வெளியேறிற்று. அடுத்த கணம் முன்கதவு உள்ளிருந்து திறக்க, வெல்லம் அப்பிய தலையோடு, சாவியை இரு கையாலும் ஏந்தி நீட்டினான்.

"நாலு கதவுக்குப் பூட்டுப் போட்டீங்க, டிக்கிய மறந்துபோட்டீங்களேண்ணா. பழைய சுவிட்சும் அப்படியேதா இருக்குது. நேத்தைக்குக்கூட இப்படித்தானுங்க எடுத்துட்டுப் போய்ட்டு வந்தே."

வெகுளவும் நேரமில்லை. சேவலைப் பிடித்து, சீரை அள்ளி, மூவரும் ஏறினர். நம் தலைவர் வாழ்வில் முதன்முறையாக நான்காம் கியர் கண்டார். புழுதிப்படலம் எழ, மாட்டுவண்டிகள் ஒதுங்க, பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கோயிலை அடைந்தார். ஆயினும் உடனே ஓடினாரல்லர். நான்கு கதவையும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, டிக்கியைக் கிணற்றுக் கயிற்றால் பதினேழு முடிச்சிட்டுக் கட்டிய பின்னரே ஓடினார்.

மருதாத்தாள் அண்ணனைக் கண்டதும் மூக்கைச் சிந்தினாள். பிள்ளை மாமன் மடியில் ஏறியது. ஊசி பட்டதும் ஊர் அதிர அலறி, அவருடைய வீங்கிய விரலையே இறுகப் பற்றிக்கொண்டது. வலி உயிர் போயிற்று. குப்பண்ணன் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. தோடு மின்னிற்று. வானோர் பூமாரி பொழிந்தனரோ என்னும்படி மஞ்சள் அரிசி அவர்மேல் பொழிந்தது. மானமும் மடியும் காத்த மாவீரர், விருந்துண்டு, வெற்றிலை மென்று, இடுப்புச் சாவியைத் தடவியவாறு, கமலாத்தாள் பின்தொடர வெற்றிநடையிட்டு வெளியே வந்தார்.

கார் நின்ற இடத்தில் கயிறு மட்டும் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இருவரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.