மேல்மாடி முன்சீட்டுக்காரர்

மனித குலத்தில் மேல்மாடி முன்சீட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய ஊர் ஒன்றுக்குக் குடிபோவார்; பெட்டியைப் பிரிக்கும் முன்பே அந்த ஊரை எப்படி மலிவாகச் சுற்றிப் பார்ப்பது என்று கண்டுபிடித்துவிடுவார்; கண்டுபிடித்ததோடு விடாமல் சொந்த ஊரிலிருக்கும் சித்தப்பா பெரியப்பா வரைக்கும் போன் போட்டு அறிவிப்பார். அவசரப்பட்டு இவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். கஞ்சனுக்குக் காசு போகிறதே என்று கவலை. இவருக்கு அந்த ஊர் தன்னை ஜெயித்துவிடக் கூடாதே என்று கவலை. இரண்டும் வேறு வேறு வியாதி. முதலாவதற்காவது மருந்து உண்டு.

இந்த இனத்தில் கலப்பில்லாத உதாரணம் வேண்டுமென்றால் இராஜபாளையத்து விக்னேஸ்வரனைக் காட்டலாம். பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் துணியின் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன். லண்டனில் மருத்துவத் துணி இறக்குமதி செய்கிற ஒரு நிறுவனம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. கல்யாணமான புதிது. மனைவி காளீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பெண். இருவரும் விமானமேறியபோது ஒரு பெட்டியில் பாதிக்குப் பேண்டேஜ் சுருள்கள் இருந்தன. அடிபடும் என்ற பயத்தினால் அல்ல. அவன் வீட்டில் காபி வடிகட்டவும், மாவுச் சட்டிக்கு வேடு கட்டவும், பிள்ளையாருக்கு வஸ்திரம் சாத்தவும் பேண்டேஜ் துணிதான். கைவசம் அது இல்லாமல் குடித்தனம் எப்படி நடத்துவது?

துணியை எடைபோடுவதைக் காட்டிலும் அவன் கைதேர்ந்த வித்தை ஒன்று உண்டு. மதுரை பஸ் இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே, ஓடுகிற பஸ்ஸோடு ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி முன்சீட்டைப் பிடித்துவிடுவான். பிறகு நிதானமாகப் போய் டீ குடிப்பான். துண்டு கிடக்கிற சீட்டில் எவனும் உட்கார மாட்டான்; உட்கார்ந்தால் கேட்க நாலு பேர் வருவார்கள். அது அந்த பஸ் ஸ்டாண்டின் எழுதாத சட்டம்.

இப்படிப்பட்டவனை லண்டனில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? பஸ்ஸுக்கு மாடி. மாடியில் முன்சீட்டு. முன்சீட்டுக்கு முன்னால் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. போதாததற்கு ஒரு சலுகை வேறு: ஏறும்போது ஒரு தடவை டிக்கெட் கருவியில் அட்டையைத் தட்டிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மேற்கொண்டு செலவில்லை. விக்னேஸ்வரன் அன்றைக்கே தம்பி பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டான்.

"ஏலே, ஊரு நம்ம கையில வந்திருச்சுலே!"

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே மாதிரி நடந்தன. தட்டு, ஏறு, பார், ஓடு, மாறு, மறுபடி ஏறு. பெரிய கடிகாரம் இடது பக்கம், ராஜா வீடு வலது பக்கம், சிங்கச் சிலைகள் சிக்னல் விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை. காளீஸ்வரி முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவன் விளக்கவுரை சொல்லுவான். மேலேயிருந்து பார்த்தால்தான் ஊர் தெரியும் என்பான். இறங்கினால் கூட்டம்தான் தெரியும் என்பான். உள்ளே இருப்பதெல்லாம் யூடியூபில் இருக்கிறது என்பான்.

ஒரு தடவை பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் வாசலைப் பஸ் கடந்தது.

"என்னங்க, இதுக்குள்ளதான டைனோசர் எலும்புக்கூடு இருக்கு? டிக்கெட்டே கிடையாதாம். இறங்குவமா?"

"உள்ள ஓசிதான், யாரு இல்லைன்னா? ஆனா பாத்துட்டு வெளிய வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் முடிஞ்சிரும். திரும்ப வரைல பஸ்ஸுக்கு மறுபடி தட்டணும்லா?"

ஓசியில் பார்க்க வேண்டியதைக்கூட ஓசிக்காக விட்டுவிடுகிற இந்த ஞானம் இருக்கிறதே, இது இந்த இனத்துக்கு மட்டுமே கைகூடும். அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர் காளீஸ்வரிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எலும்புக்கூடு எலும்புக்கூடாகவே காத்திருந்தது.

லண்டன் அவளுக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். மரங்களின் உச்சி தெரியும். குதிரைச் சிலையில் வீரனின் தொப்பி தெரியும். குதிரை எதன்மேல் நிற்கிறது என்று தெரியாது. ஆளில்லாத பகல்களில் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது, தான் இன்னும் விமானத்தைவிட்டு இறங்கவே இல்லையோ என்று அவளுக்குத் தோன்றும். ஊரில் அவள் மடவார் வளாகத்துத் தெருவில் வெறுங்காலோடு நடந்து வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போய்வருகிறவள். கால் படாத இடத்தை இருக்கிற இடம் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஊர் ஆற்றில் படகு போகிறது. அதில் ஒரு தடவை போக வேண்டும்.

"ஆத்தைப் பாக்கவா காசு குடுக்கணும்?" என்று விக்னேஸ்வரன் நிஜமாகவே திகைத்தான். "பாலத்து மேல பஸ் போகுதுல்லா, ரெண்டு பக்கமும் ஆறுதான், எம்புட்டு வேணும்னாலும் பாரு."

இரண்டு மாதம் கேட்டுப் பார்த்தாள். பிறகு ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஆடிப்பூரத் தேருக்கு அம்மா கூப்பிடுறா. நான் ஊருக்குப் போறேங்க."

"சரி, போயிட்டு எப்ப வருவ?"

"போறேன்னுதான் சொன்னேன். வாரதைப் பத்திப் பொறவு பாப்போம். ஜன்னல்ல ஊர் பாக்கிறதுக்கு நான் எதுக்கு இங்க? அங்கன இருந்து போன்லயே பாத்துக்கிடுதேன்."

அவன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. எந்த முன்சீட்டுக்காரருக்கும் பக்கத்து சீட்டு காலியாகிவிடும் என்ற யோசனை வந்ததில்லை. மறுநாள் காலையில், ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்குப் போவதென்று ஒப்புக்கொண்டான். பஸ்ஸில்தான். இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நேரத்துக்குள்.

அந்த ஞாயிறு காளீஸ்வரி எலுமிச்சம் சாதம் கிளறினாள். அம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கில் அழுத்தி வைத்தாள். எண்ணெய் கசியாமலிருக்க விக்னேஸ்வரன் தன் கைத்திறமையைக் காட்டினான்: பேண்டேஜ் சுருளை எடுத்து, தூக்கின் மூடி முதல் அடி வரை இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, எலும்பு முறிந்த கால் போல ஆக்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் மட்டும் ஓரத்தில் லேசாக ஊறி வெளியே தெரிந்தது.

முதல் பஸ் விட்ட இடத்தில் இரண்டாவது பஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. புறப்பட நேரமிருந்தது. விக்னேஸ்வரன் பாய்ந்து ஏறி, அட்டையைத் தட்டி, மாடிக்கு ஓடி, முன்சீட்டில் தூக்கை வைத்தான். துண்டு இல்லாத ஊரில் தூக்குதான் துண்டு. பிறகு இராஜபாளையத்தில் செய்வது போலவே நிதானமாக இறங்கி வந்தான்.

"சீட்டு போட்டாச்சு. காத்து அடிக்காத பக்கமா நின்னு பிளாஸ்க்ல இருக்கிற டீயைக் குடிச்சிட்டு வருவோம், வா."

பக்கத்திலிருந்த ஒரு கட்டடத்தின் மறுபக்கம் நின்று இருவரும் டீ குடித்தார்கள். திரும்பி வந்தபோது பஸ்ஸில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் தெருவோரம் தள்ளி நின்றார்கள். டிரைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பஸ் கதவருகே போலீஸ்காரப் பெண் ஒருத்தி யாரையும் கிட்ட விடாமல் நின்றாள்.

"பஸ்ஸு ரிப்பேரு போலருக்கு," என்றான் விக்னேஸ்வரன்.

பக்கத்தில் நின்ற ஒருவர் விஷயத்தைச் சொன்னார். மேல்மாடி முன்சீட்டில், ஆள் யாரும் இல்லாமல், இரும்புப் பாத்திரம் போல ஏதோ இருக்கிறதாம். பேண்டேஜ் சுற்றியிருக்கிறதாம். மஞ்சளாக என்னவோ கசிகிறதாம். குண்டோ என்னவோ என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்களாம்.

விக்னேஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஏட்டி, சத்தங்காட்டாம வா. அது நம்மது இல்ல."

"எது?"

"தூக்குதான். பொறவு வேற வாங்கிக்கிடலாம். வா, போயிருவோம்."

காளீஸ்வரி அவனைப் பார்த்தாள். ஒரு சீட்டை ஒருநாளும் விட்டுக்கொடுக்காத மனிதன் அம்மா கொடுத்த தூக்கை ஒரு நொடியில் விட்டுக்கொடுக்கிறானே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கையை விடுவித்துக்கொண்டு நேரே போலீஸ்காரப் பெண்ணிடம் நடந்தாள். அந்த ஊருக்கு வந்து இதுவரை கடைக்காரரிடம் நன்றி சொன்னதைத் தவிர அவள் இங்கிலீஷில் எதுவும் பேசியதில்லை. இன்றைக்குப் பேசினாள். அது என்னுடையது, எலுமிச்சம் சாதம் என்றாள்.

"சாதத்துக்கு எதற்குப் பேண்டேஜ்?"

"எண்ணெய் கசியாமலிருக்க."

"அதை ஏன் மேலே விட்டுவிட்டுப் போனீர்கள்?"

காளீஸ்வரி வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள். எங்கள் ஊரில் சீட்டில் ஒரு பொருள் கிடந்தால், ஆள் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இந்த ஊரில் அதற்கு ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்," என்றாள் போலீஸ்காரப் பெண்.

பிறகு அவளை மட்டும் கூடவே மாடிக்கு அழைத்துப் போய்த் தூக்கைத் திறக்கச் சொன்னாள். பேண்டேஜ் சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. முடிச்சை மாத்திரம் பல்லால் கடித்துப் பிய்க்க வேண்டியிருந்தது. அத்தனை தரமான துணி. கறிவேப்பிலையும் தாளிதமும் மணத்ததும் அந்தப் பெண்ணின் முகம் தளர்ந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று கண்டித்து அனுப்பினாள். தூக்கோடு இறங்கி வந்தவளைக் கூட்டம் பார்த்தது. கூடவே, அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடிய ஓர் ஆளையும் பார்த்தது.

விக்னேஸ்வரன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் செத்த குரலில் சொன்னான்.

"ஒரு மணி நேரம் முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சிருச்சா? நல்லதாப் போச்சு. நடங்க."

ஆறு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அவள் முன்னே போனாள். படகுத்துறையில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே டிக்கெட் வாங்கினாள். படகின் திறந்த தட்டில் இடம் தாராளமாக இருந்தது, போட்டிக்கு ஆளில்லை. அது அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.

காளீஸ்வரி முதல் தடவையாக லண்டனின் மற்ற பாதியைப் பார்த்தாள். கட்டடங்கள் எதன்மேல் நிற்கின்றன என்று தெரிந்தது. பாலங்களுக்கு அடியில் பாசி பிடித்த கல் தெரிந்தது. தண்ணீர் முகத்தில் தெறித்தது. தூக்கைத் திறந்து இருவருமாகச் சாப்பிட்டார்கள். ஒரு பாலத்தின் மேல் சிவப்பு பஸ் ஒன்று போயிற்று. விக்னேஸ்வரன் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"முன்சீட்டு காலியாப் போகுது, பாரு."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"பயந்துட்டேன், ஈஸ்வரி. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"தெரியும். ஆனா நம்மது இல்லைன்னு சொன்னீகல்லா, அதைத்தான் தாங்க முடியலை. இந்த ஊருல எனக்கு நம்மதுன்னு இருக்கிறதே அந்தத் தூக்கும் நீங்களும்தான். கொஞ்சம் ஊரும் நம்மதா ஆகட்டும்னுதான் இறங்குங்க இறங்குங்கன்னு சொல்லுதேன்."

அடுத்த துறை வந்தது. விக்னேஸ்வரன் எழுந்தான். பிறந்ததிலிருந்து சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னான்.

"இறங்குவமா?"

ஆற்றோரத்தில் சாயங்காலம் வரை நடந்தார்கள். வீடு திரும்பும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள்: "தேருக்கு ரெண்டு பேருமாப் போயிட்டு வந்துருவோம்."

ஆடிப்பூரத்துக்கு இருவரும் வந்தார்கள். தேரன்று காலை இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் விக்னேஸ்வரன் துண்டை வீசி, மூன்று பேருக்கு முன்சீட்டுப் பிடித்தான். பேச்சிமுத்து லண்டனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"ஒரு ஊரைப் பாக்கணும்னா இறங்கிப் பாக்கணும்லே," என்றான் விக்னேஸ்வரன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "படகுல போகணும். கால் நோவ நடக்கணும். நான் போன உடனேயே உங்க மதினிகிட்டச் சொல்லிட்டேன்."

காளீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. கோபுரம் தெரிந்தது, கூட்டமும் தெரிந்தது. பஸ் மேற்கொண்டு போக முடியாமல் நின்றுவிட்டது. விக்னேஸ்வரன் எட்டிப் பார்த்தான்.

"ஏயப்பா, எம்புட்டுக் கூட்டம்! செத்த நேரம் இங்கனயே இருப்போம். இங்கருந்தே தேர் உச்சி தெரியும்."

அவள் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டு, இறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள். பின்னாலேயே அவன் இறங்குகிற சத்தம் கேட்டது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் லண்டனுக்குப் போகாதவர், மாடி பஸ்ஸில் ஏறாதவர், உங்களுக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் தினம் போகிற வழியில், யாராவது வெளியூர்க்காரர் கேட்டால் கையை நீட்டிப் பெருமையாகக் காட்டுவீர்களே, அந்த இடம், அதற்குள் கடைசியாக எப்போது போனீர்கள்? பக்கத்து சீட்டில் இருப்பவரும் அதைப் பற்றி ரொம்ப நாளாக உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். எதற்கும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், இறங்கிப் போயிருக்கப் போகிறார்.